உஷார் மக்களே

ஜூன் 3, செவ்வாய்

காலையில் போனைத் திறந்தால் அந்த நடிகர் மறுபடியும் இறந்திருந்தார். இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. மாலை போட்ட படம், கண்ணீர் விடும் பொம்மை முகங்கள், எங்கள் காலனி வாட்ஸ்அப் குழுவில் வரிசையாக 'ஆழ்ந்த இரங்கல்'. மத்தியானம் அதே நடிகர் டிவியில் வேட்டி விளம்பரத்தில் நடந்து வருகிறார். இரங்கியவர்கள் யாரும் இரங்கலைத் திரும்பப் பெறவில்லை.

அதற்குக் கீழே ஒரு யானை, கைக்குழந்தையைத் தும்பிக்கையில் வைத்துத் தாலாட்டுகிறது. கம்ப்யூட்டர் செய்த படம் என்று பார்த்தாலே தெரிகிறது, குழந்தைக்கு ஒரு கையில் ஆறு விரல். கீழ்வீட்டுக் கோகிலா 'தாய்மை' என்று எழுதி இதயம் போட்டிருக்கிறாள். பி.காம். படித்த பெண்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் நான். செத்தவன் வந்து கையெழுத்துப் போட்ட பத்திரமெல்லாம் பார்த்தாயிற்று. யார் எதை நீட்டினாலும் எழுதியது யார், எப்போது என்றுதான் முதலில் கண் போகும். இந்த ஜனங்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. வருவதை வாங்கு, அடுத்தவன் தலையில் கொட்டு, அவ்வளவுதான்.

சாயந்திரம் தனபால் ஒன்று அனுப்பினார். தெருமுனையில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருப்பவர், குழுவுக்கு அவர்தான் அட்மின். வெளிமாநிலத்துக் குழந்தை கடத்தும் கும்பல் ஈரோடு பக்கம் இறங்கியிருக்கிறதாம், பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், உஷார். 'எந்த ஸ்டேஷனில் புகார்? யார் வீட்டுக் குழந்தை?' என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு கும்பிடும் கை வந்தது.

ரத்த அழுத்தம் குறைய டைரி எழுதுங்கள் என்று டாக்டர் சொன்னார். இதை எழுதியதில் ஏறியிருக்கும்.

ஜூன் 5, வியாழன்

பவானிக்குப் போய் வந்தேன். என்னோடு வேலை பார்த்த சரஸ்வதிமணிக்கு முழங்கால் ஆபரேஷன். அவளும் போனைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். வெண்டைக்காய் ஊறவைத்த தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை போய்விடும் என்கிறாள். சர்க்கரை போகுமோ என்னமோ, வெண்டைக்காய் போய்விடும்.

தம்பி மகன் கதிர்வேல் பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த கிளிப்பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அறுபத்தொன்பது வயதுக்குக் கிளிப்பச்சை. அவன் பெண்டாட்டியின் தேர்வு. வெளியூரிலாவது கட்டித் தொலைக்கலாமே என்றுதான்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு கூத்து. ஒரு பஸ் ரிவர்ஸில் வந்துகொண்டிருக்கிறது. அதற்கு நேராகச் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு குட்டிப் பெண் பராக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் அம்மா ஒரு கையில் போன், ஒரு கையில் பூ என்று பேரம் பேசுகிறாள். கூப்பிட நேரமில்லை. கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தேன். நான் ஏதோ அடித்துவிட்ட மாதிரி அந்தக் குழந்தை அலறியது. அம்மாக்காரி ஓடி வந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வார்த்தை இல்லை. நன்றியெல்லாம் போனில் பூங்கொத்தாக மட்டும்தான் வரும் போல.

ஜூன் 6, வெள்ளி

கேஸ் வந்தது. இட்லி மாவு புளித்துவிட்டது.

பாட்டில் பொறுக்கும் அந்தப் பெண் இன்றும் வந்து குப்பைத் தொட்டியைக் கிளறினாள். என் வயதுதான் இருக்கும். கன்னடமும் தமிழும் கலந்து தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். திம்பம் மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் என்கிறார்கள். 'இறைச்சுப் போடாத' என்று மாடியிலிருந்து அதட்டினேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். கிறுக்கு.

ஜூன் 8, ஞாயிறு

குழுவில் ஒரு வீடியோ. 'உஷார் மக்களே' என்று ஓர் ஆண் குரல். பின்னால் பேய்ப்படத்து இசை. ஏதோ கடையின் காமிரா மேலிருந்து எடுத்தது. ஒரு கிழவி, அழுகிற குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். குழந்தை திமிறுகிறது. இரண்டு பேரும் மறைந்ததும் முடிந்துவிடுகிறது. 'பட்டப்பகலில் துணிகரம். இவளைக் கண்டால் விடாதீர்கள். அதிகம் பகிருங்கள்.'

ஆரம்பமும் இல்லை முடிவும் இல்லை, இதை வைத்துக்கொண்டு என்ன தெரியும் என்று எழுதப் போனேன். அப்புறம்தான் புடவையைப் பார்த்தேன்.

அந்தப் புடவை என் மொட்டைமாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

முகம் தெரியவில்லை. தலையும் தோளும், குழந்தையை இழுக்கும் கையும்தான். பலமுறை போட்டுப் பார்த்தேன். பஸ் இல்லை. காமிரா பார்த்த திசையில் பஸ்ஸே இல்லை. பஸ் இல்லாமல் பார்த்தால் எனக்கே அந்தக் கிழவியைப் பிடிக்கவில்லை.

மாடிக்குப் போய்ப் புடவையை எடுத்து வந்தேன். மழை வரும் போல இருந்தது.

ஜூன் 9, திங்கள்

வீடியோ வேறு வேறு ஊர் பெயரில் வருகிறது. காலையில் 'பெருந்துறையில் நேற்று', மத்தியானம் 'திருப்பூரில் இன்று'. ஒன்றில் அந்தக் குழந்தை இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். தன் அம்மாவோடு பூ வாங்கிக்கொண்டு போன குழந்தை.

'அது நான்தான், நடந்தது இதுதான்' என்று குழுவில் போட நான்கு வரி அடித்தேன். படித்துப் பார்த்தேன். தனபால், அவர் மச்சினன், முகம் தெரியாத நம்பர்கள். அழித்தேன். அவசரப்பட்டு எதையும் எழுதக்கூடாது என்பது என் கொள்கை.

சாயந்திரம் கோகிலா இடுப்பில் பெண் குழந்தையோடு மாடி ஏறி வந்தாள்.

"பாத்தீங்களாம்மா அந்த வீடியோவ? புள்ளைய வாசல்ல விடவே பயமா இருக்குதுங்க."

"பார்த்தேன்."

"பாட்டியாட்டம் இருந்துட்டு எப்படித்தான் மனசு வருதோ. நீங்களும் தனியா இருக்கறீங்க, கதவைச் சாத்தியே வைங்கம்மா."

சாத்தியே வைக்கிறேன் என்றேன். அவள் போன பிறகு சாத்தினேன். அவள் என்னைப் பார்த்தபோது ஒரு விநாடி அதிகமாகப் பார்த்தாளோ என்று தோன்றியது. அவள் எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள்.

ஜூன் 10, செவ்வாய்

ஓசூரில் இருக்கிற கதிர்வேலுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"அத்தை, யார்கிட்டயும் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. ஸ்டேஷன்ல போய்ச் சொல்லலாம்னு பாக்கறேன்."

"வேண்டவே வேண்டாம். நீங்க ஸ்டேஷன் வாசல்ல நிக்கறத எவனாவது போட்டோ எடுத்துப் போட்டா, மாட்டிக்கிட்டாள்னு எழுதுவான். ரெண்டு நாள் சும்மா இருங்க. வேற ஏதாவது வந்துரும், இத மறந்துருவாங்க."

"பயப்படற ஆளா நானு?"

"இல்லைங்கத்தை. அதனாலதான் சொல்றேன். ஓசூருக்கு வந்துருங்களேன் கொஞ்ச நாளைக்கு."

வரவில்லை என்றேன். இங்கே தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை.

ஜூன் 11, புதன்

பழைய துணிகளைக் கவரில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பீரோவில் இடமில்லை.

ஜூன் 12, வியாழன்

பேப்பரில் ஓர் ஓரத்தில் செய்தி. பக்கத்து மாவட்டத்தில் போர்வை விற்க வந்த ஒருவனைக் குழந்தை பிடிப்பவன் என்று அடித்திருக்கிறார்கள். கண் ஒன்று போய்விட்டதாம். ஆறு வரிச் செய்தி. பக்கத்தில் பெரிய படத்தோடு, ஒரு நாய்க்கு வளைகாப்பு நடத்திய குடும்பம்.

கடைக்குப் போனேன். தக்காளி எடுத்துக்கொண்டிருந்தபோது புதிதாக வந்த கடைக்காரப் பையன், "அம்மா எந்தப் பக்கம்?" என்று கேட்டான். இந்தத் தெருவில் இருபது வருடமாக இருக்கிறேன் என்று சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் ஒரு குழந்தை என் பையைப் பிடித்து இழுத்தது. நான் கையைத் தூக்கிக்கொண்டேன், போலீஸைக் கண்டவன் தூக்குவது போல. அதன் அம்மா சிரித்தாள். தக்காளியை எடுக்காமலே வந்துவிட்டேன்.

ரசத்துக்குப் புளி மட்டும் போதும்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. இன்று எழுதுகிறேன்.

நேற்றுக் காலை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சத்தம். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பெரிய கூட்டம். முதலில் என் கண்ணில் பட்டது ஆட்கள் இல்லை, நிறம். கிளிப்பச்சை.

தொட்டியின் தூணோடு அந்தப் பாட்டில் பொறுக்கும் பெண்ணைக் கட்டியிருந்தார்கள். என் புடவையை உடுத்தியிருந்தாள். அவள் குள்ளம், அதனால் இடுப்பில் நிறையச் சுருட்டிச் செருகியிருந்தாள். நெற்றியில் ரத்தம். தனபாலின் கையில் கடையிலிருந்து எடுத்து வந்த பிளாஸ்டிக் பைப். அடிப்பவர்களைவிடப் படம் எடுப்பவர்கள்தான் அதிகம்.

நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். உள்ளே வந்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். தண்ணீர் குடித்தேன். போலீஸுக்குப் போன் செய்தேன். 'வண்டி அனுப்பறோம்மா' என்றார்கள். என் வேலை முடிந்தது என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது. அவள் தன் பாஷையில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரே வார்த்தையைச் சொன்னாள். பிறகு அந்த வார்த்தை நின்றுவிட்டது. அடி நிற்கவில்லை. அதற்கு மேல் நாற்காலியில் இருக்க முடியவில்லை.

செருப்புப் போடாமல் இறங்கினேன். என்னைப் பார்த்ததும் கூட்டம் மரியாதையாக வழிவிட்டது.

"தனபாலு, அவுத்து உடுங்க. வீடியோவுல இருக்கறது இவ இல்ல."

"உங்களுக்குத் தெரியாதுங்கம்மா. பொடவையப் பாருங்க, அதே பொடவை."

"அது என்னோட பொடவை. வீடியோவுல இருக்கறதும் நான்தான்."

யாரோ சிரித்தார்கள். "அம்மா பாவப்பட்டுச் சொல்றாங்க" என்றது ஒரு குரல். தனபால் பணிவாகவே, "வெயில்ல நிக்காதீங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். நான் அப்படிச் செய்யமாட்டேன் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அவள் செய்வாள் என்பதிலும் இல்லை.

கோகிலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். கையில் போன்.

"கோகிலா, அந்த வீடியோவப் போட்டுப் பாரு. பொடவையப் பாக்காத. வலது கையப் பாரு" என்றேன்.

இடது மணிக்கட்டு உடைந்து கூடிய நாளிலிருந்து நான் வாட்ச்சை வலது கையில், முகப்பு உள்பக்கம் திரும்ப, கட்டுகிறேன். அவள் போட்டுப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். திரும்பவும் போட்டாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமையாக இருந்தது.

"இவிங்கதானுங்க" என்றாள் மெதுவாக.

சத்தம் அடங்கியது. எனக்குத் தெரியாத ஓர் இளவட்டம் முன்னால் வந்தான்.

"அப்ப நீயா புள்ளைய இழுத்துட்டுப் போனவ?"

நீ. இந்தத் தெருவில் என்னை யாரும் நீ என்று சொன்னதில்லை. ஓர் எழுத்தில் என் வயது, உத்தியோகம், வீடு எல்லாம் போய்விட்டன.

"பஸ்ஸு ரிவர்ஸ்ல வந்துச்சு. புள்ள அதுக்கு நேரா நின்னுச்சு. இழுத்தேன்."

"எங்க பஸ்ஸு? வீடியோவுல பஸ்ஸே இல்லயே."

இல்லைதான். எதை நீட்டினாலும் சாட்சி கேட்டே காலத்தை ஓட்டியவள், சாட்சி இல்லாமல் நின்றேன். கூட்டம் என் பக்கம் திரும்பியது. போன்களும் திரும்பின. பின்னாலிருந்து ஒரு கை என் புஜத்தைப் பிடித்தது. கனமான கை, விரல்கள் எலும்பில் இறங்கின. பவானியில் அந்தக் குழந்தை ஏன் அப்படி அலறியது என்று அப்போது தெரிந்தது. என் கால்களுக்குக் கீழே ஈரமானது. அதையும் எழுதிவிடுகிறேன்.

"ஏனுங்கம்மா இத்தன நாளாச் சொல்லல?" என்று தனபால் கேட்டார். பைப்பைக் கீழே போடவில்லை, என்னை நேராகப் பார்க்கவும் இல்லை.

"பயம்" என்றேன்.

கோகிலா வந்து என்னை ஒட்டி நின்றாள். "கைய எடுங்க" என்று எனக்குப் பின்னால் இருந்தவனிடம் சொன்னாள். "புள்ள பயப்படுது, கைய எடுங்க." அவன் எடுக்கவில்லை. ஜீப் வந்த பிறகுதான் எடுத்தான்.

கட்டை அவிழ்த்ததும் அவளால் நிற்க முடியவில்லை. ஜீப்பில் என் பக்கத்தில்தான் உட்கார வைத்தார்கள். தோளைத் தாங்கப் போனேன். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

துணிகளைக் குப்பையில் போட்டது பீரோவில் இடமில்லாததால் அல்ல.

ஜூன் 17, செவ்வாய்

ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். பவானியில் அந்தக் குழந்தையின் அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள், பூக்காரம்மாள் அடையாளம் சொல்லியிருக்கிறார். பெயர் மேனகா. புருஷனோடு வந்திருந்தாள். சிவப்பு ரிப்பன் குழந்தையும் பெஞ்சில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவளை என்ன கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கூர் தீட்டிக்கொண்டு போயிருந்தேன். என்னைக் கண்டதும் அவளே எழுந்து வந்தாள்.

"வீடியோ வந்த அன்னைக்கே பாத்துட்டேனுங்க. எம் புள்ளைன்னு தெரிஞ்சுது. வெளிய சொன்னா, பஸ்ஸு வர்ற வழில புள்ளைய உட்டுட்டு நீ என்ன பண்ணீட்டு இருந்தேன்னு மாமியாரு கேப்பாங்க. ஊரே காறித் துப்பும். பயந்துட்டுப் பேசாம இருந்துட்டேனுங்க."

கூர் தீட்டிய வார்த்தை ஒன்றும் வரவில்லை. நான் இருந்ததும் அப்படித்தானே.

"புள்ளைக்குக் கை வலிச்சுதா?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் வலிச்சுதுங்க."

அவள் நடந்ததைச் சொல்ல, போலீஸார் அதை வீடியோ எடுத்து வெளியிட்டார்கள். தனபாலையும் இன்னும் சிலரையும் பிடித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் அந்த வீடியோவைக் கோகிலாதான் போட்டாள். ஒரே ஒரு கட்டைவிரல் விழுந்தது. அதற்குக் கீழே யாரோ பூவோடு காலை வணக்கம் அனுப்பியிருக்கிறார்கள்.

கதிர்வேல் கூப்பிட்டான். பழைய வீடியோ இப்போது அவன் ஆபீஸ் குழுவுக்குக் கன்னடத்தில் வந்திருக்கிறதாம்.

ஜூன் 18, புதன்

கோகிலா தோசை கொண்டுவந்து கொடுத்தாள். வாசலில் நின்றே கொடுத்தாள். குழந்தையைக் கீழே விட்டு வந்திருந்தாள்.

வெளியே போகவேண்டும். நாளை போகலாம்.

ஜூன் 20, வெள்ளி

இன்று அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஆட்டோவில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்த ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். பெயர் மாதம்மா என்று நர்ஸ் சொன்னார். வலது கையில் மாவுக்கட்டு. ஒரு பக்கம் முகம் வீங்கி நீலமாக இருக்கிறது. யார் கொடுத்தாலும் சாப்பிட மாட்டேன் என்கிறாளாம், பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் தள்ளிப் போனால்தான் எடுக்கிறாளாம். கொண்டுபோயிருந்த ரசஞ்சோற்றை ஸ்டூலில் வைத்துவிட்டு, எதிர்க்கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வெகுநேரம் கழித்துச் சாப்பிட்டாள்.

பிறகு நடந்ததைச் சொன்னேன். புடவை என்னுடையது, நான்தான் குப்பைத் தொட்டியில் போட்டேன், பயத்தில் போட்டேன், நீ எடுப்பாய் என்று நினைக்கவில்லை. எனக்குக் கன்னடம் தெரியாது, அவளுக்கு எவ்வளவு தமிழ் புரியுமோ. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நினைக்கவில்லை என்பதும் முழு உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தொட்டியை யார் கிளறுவார்கள் என்று எனக்குத் தெரியாதா.

அப்போது பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த ஓர் ஆள் வீடியோ கால் போட்டு, "இதுதாம்மா வார்டு, பாரு" என்று போனைச் சுற்றிக் காட்டினான். போன் இந்தப் பக்கம் திரும்பியதும் மாதம்மா போர்வையை இழுத்து முகத்தை மூடினாள். உள்ளேயிருந்து அதே வார்த்தை வந்தது, அன்றைக்கு ஒவ்வொரு அடிக்கும் சொன்னது. நர்ஸுக்குக் கொஞ்சம் கன்னடம் தெரியும். கேட்டேன். 'நான் இல்லை' என்று அர்த்தமாம்.

எழுந்து போய்க் கட்டிலுக்கும் அந்தப் போனுக்கும் நடுவில் நின்றேன்.

"என்னங்கம்மா?" என்றான் அவன்.

"அக்கட்டால திருப்பீட்டுப் பேசுங்க."

"நானு எங்கூட்டுக்குத்தான காட்டறேன்."

"சரி. அக்கட்டால திருப்பீட்டுக் காட்டுங்க."

போனை இறக்கவில்லை அவன். அதில் என் முகம் முழுதாகத் தெரிந்திருக்கும். யாரோ ஒரு கிழவி சண்டைக்கு வருகிறாள் என்று நாளைக்கு ஏதாவது ஒரு குழுவில் வரலாம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவன் பேசி முடித்துப் போகும்வரை நகரவில்லை. முதுகுக்குப் பின்னால் அந்த வார்த்தை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

நாளைக்கும் போகவேண்டும்.